போர்ஷே 911-க்கு மாற்று டயர்: எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

போர்ஷே 911 காரின் பின் டயர்கள் மட்டும் தேய்ந்துவிட்ட நிலையில், அதே அளவில் விலை குறைந்த வேறு பிராண்டைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அளவு ஒன்றாக இருந்தாலும் பக்கச்சுவரின் (டயரின் பக்கவாட்டுப் பகுதி) விறைப்பும் ரப்பர் கலவையும் மாறுபடுவதால், முன்னும் பின்னும் வெவ்வேறு டயர்கள் இருந்தால் ஈரச் சாலையின் வளைவில் பின்பக்கம் எதிர்பாராமல் வழுக்கக்கூடும். பக்கச்சுவரில் ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்தும் அதையடுத்து 0, 1 போன்ற ஓர் எண்ணும் இருந்தால், அது போர்ஷே நிறுவனம் தன் கார்களுக்கெனச் சோதித்து ஏற்றுக்கொண்ட டயர் என்று பொருள். முன் டயர்களில் உள்ள அதே மாடலையும் குறியீட்டையும் பின்னாலும் போடுங்கள்.

டயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமைக் குறியீடும், அதன் அதிகபட்ச வேகத்தைக் காட்டும் வேகக் குறியீடும் காரின் கையேட்டில் உள்ளதைவிடக் குறையவே கூடாது. வேகக் குறியீடு ‘ஒய்’ (Y) என்றால் அந்த டயர் மணிக்கு 300 கி.மீ. வரை தாங்கும். தயாரிப்புக் காலத்தைக் காட்டும் நான்கு இலக்க எண்ணையும் டயரில் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கிடங்கில் பல வருடம் கிடந்த டயரை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், நான் வாங்கமாட்டேன்.