மந்திர வீரர்கள் இருக்கும் கப்பலில் மெக்கானிக்குக்கு என்ன வேலை?

தம்பி, முள்ளியவளையில் நீங்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் விண்வெளிக் கதையாட்டத்தில், மந்திர சக்தி உள்ள இருவரே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள், விமானியும் மெக்கானிக்கும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சக்தியை வெட்டாதீர்கள். அதற்கு விலை வையுங்கள்.

1987இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தில் நல்ல வழி இருக்கிறது. ஒரே சுற்றில் கூடுதலாகச் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும், அந்தச் சுற்றில் உருட்டும் பகடைகளில் ஒன்று குறையும். சக்தியை ஏவுவதும் ஒரு செயல்தான். வாளையும் சக்தியையும் சேர்த்துப் பிடிப்பவனின் கை தளர்ந்துவிடும். ஆபத்தில் செலவழிக்க வைத்திருக்கும் ‘ஃபோர்ஸ் புள்ளி’யோ மந்திரமில்லாத சாதாரண மனிதனுக்கும் உண்டு. செலவழித்தால் அந்தச் சுற்றில் அவனுடைய பகடைகள் இரட்டிப்பாகும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

ஆனாலும் விதி மட்டும் போதாது. கிளிநொச்சியில் நாங்கள் ஆடியபோது, எரிபொருள் தீர்ந்த கப்பல் ஒன்றை வைத்தேன். லாண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரம் திருத்தும் நண்பன்தான் மெக்கானிக். போரின்போது எரிபொருள் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெட்ரோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் அல்லவா? அதையே அவன் கப்பலுக்குச் செய்தான். அதுவரை மந்திர வீரர்கள் இருவரும் வாசலில் நின்று மூன்று சுற்றுத் தாக்குப்பிடித்தார்கள். இயந்திரம் இருமி உறுமியதும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அடுத்த கிழமை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் சிக்கல் வையுங்கள். ஒன்று வாளால் தீராததாக இருக்கட்டும்.