ஷார்ஜாவில் இருந்துகொண்டு ஈரோட்டில் ஒரு நபர் நிறுவனம் தொடங்கலாமா?

கேள்வி: இந்தியக் குடிமகனான நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். என் பெயரில் மட்டும் ஈரோட்டில் ஒரு கம்பெனி பதிவு செய்து மஞ்சள் தூள் விற்க நினைக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவருக்குத் தர மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? பத்தாம் வகுப்பு படிக்கும் மகனை நாமினியாகப் போடலாமா? மனைவி ஏற்கெனவே தன் தம்பியின் கம்பெனிக்கு நாமினி.

பதில்: உங்களிடம் சொன்னவர்கள் பழைய விதியைச் சொல்லியிருக்கிறார்கள். 2013 கம்பெனிகள் சட்டப்படி ஓ.பி.சி. எனும் ஒரு நபர் நிறுவனம் வந்தபோது, இந்தியாவில் வசிக்கும் குடிமகனுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் குடியுரிமை இருந்தால் போதும், எங்கே வசித்தாலும் சரி. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரான ஓ.சி.ஐ. அட்டைதாரருக்கு இந்தச் சலுகை கிடையாது. ரூ.50 லட்சம் மூலதனம், ரூ.2 கோடி விற்றுமுதல் தாண்டினால் வடிவத்தை மாற்றியே ஆகவேண்டும் என்ற கெடுபிடியும் அன்றோடு போயிற்று.

சிக்கல் நாமினியில்தான். உங்களுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் கம்பெனி யாருக்குப் போகிறதோ அவர்தான் நாமினி. 18 வயது நிரம்பாதவர் ஆக முடியாது. மனைவி விஷயத்தில், மைத்துனருடையது ஓ.பி.சி.யா, சாதாரண பிரைவேட் லிமிடெட்டா என்று முதலில் பாருங்கள். ஓ.பி.சி. என்றால் மனைவியை நீங்கள் நாமினியாக்க முடியாது. ஒருவர் ஒரே ஓ.பி.சி.க்குத்தான் நாமினியாக இருக்கலாம். சாதாரண பிரைவேட் லிமிடெட்டில் பங்குகளுக்கு நாமினி என்றால் தடை இல்லை. மனைவியைப் போட முடியாவிட்டால் அப்பா, அண்ணன் என்று இந்தியக் குடியுரிமை உள்ள ஒருவரிடம் ஐ.என்.சி.-3 படிவத்தில் சம்மதம் வாங்குங்கள். மகனுக்கு வயது வந்ததும் ஐ.என்.சி.-4 கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஒரு டைரக்டராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். உங்களால் அது முடியாது. மனைவியை இரண்டாவது டைரக்டராகச் சேர்த்துவிடுங்கள். டைரக்டர் ஆவதால் அவருக்குப் பங்கு எதுவும் போகாது, நாமினி விதியும் குறுக்கே வராது. பங்குப் பணத்தை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கிலிருந்து போடுங்கள்; வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்லாத முறையில் போட்டால் அது உள்நாட்டு முதலீடாகவே கருதப்படும். பணம் வந்துவிட்டது என்று, கம்பெனி பதிவான 180 நாளுக்குள் ஐ.என்.சி.-20ஏ படிவம் தாக்கல் செய்யாமல் வியாபாரம் தொடங்கக் கூடாது. சேரும் லாபத்தை வேறு கம்பெனிப் பங்குகளில் போடும் எண்ணம் இருந்தால், ஓ.பி.சி.க்கு அது தடை.

ஆனால் இப்போதே கம்பெனி தேவையா என்று கேட்டால், தயங்குவேன். ஒரு பாக்கெட் விற்காவிட்டாலும் ஆண்டுதோறும் ஆடிட் உண்டு, தாக்கல் உண்டு, ஆடிட்டர் கட்டணமும் உண்டு. விற்பனை எப்படிப் போகிறது என்று தெரியும்வரை மனைவி பெயரில் தனி உரிமையாளராகத் தொடங்குவது செலவு குறைவு. கடன் வந்தால் அவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பாகும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எந்த வடிவமானாலும் உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவோ உரிமமோ வாங்கிவிட்டுத்தான் பாக்கெட் போடவேண்டும்.