ஒரே ஊர்ப் பெயர்: 35-ஆ, 74-ஆ?

கேள்வி: ஒரு சொல்லிலிருந்து தொடர்ச்சியாக வெட்டி எடுக்கும் துண்டுகளில், ஒன்றுக்கொன்று வேறானவை எத்தனை? இதுதான் புதிர். ‘பத்மநாபபுரம்’ என்று கொடுத்தால் என் பைத்தான் நிரல் 74 என்கிறது. தாளில் எண்ணினால் 35. எது பிழை?
– கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: இரண்டுமே பிழையில்லை. நீங்கள் எண்ணியது எழுத்தை. பைத்தான் எண்ணியது யூனிகோட் குறிகளை, அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் எண்குறிகளை.

ப, த், ம, நா, ப, பு, ர, ம் என எழுத்து எட்டு. துண்டுகள் 8×9÷2 = 36. ‘ப’ இருமுறை வருவதால் ஒன்று கழிந்து 35. யூனிகோடிலோ புள்ளி, கால், உகரக் குறி எல்லாம் தனித்தனி. மொத்தம் 12 குறி, 78 துண்டு. அங்கே ‘ப’ மும்முறை வருகிறது (‘பு’வுக்குள்ளும் ஒரு ‘ப’ உண்டே), ‘ம’ இருமுறை, புள்ளி இருமுறை. கழிவு 4, மீதி 74.

தமிழ்ப் புதிருக்கு 35தான் விடை என்பேன். நிரலிலும் அதுவே வர, குறிகளை வரிசையாக எடுங்கள். ஒரு குறிக்கு யூனிகோட் தரும் வகைப்பெயர் ஆங்கில ‘எம்’ (M) என்று தொடங்கினால் அது துணைக்குறி, முந்தைய எழுத்தோடு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் புது எழுத்து. ஆய்தம் தானாகவே தனியாக நிற்கும். ‘க்ஷ’ இரண்டாகப் பிரியும். ஒன்றாக வேண்டுமென்றால் தனி விதி எழுத வேண்டும். வெட்டிய துண்டு ஒரு லிஸ்ட்டாக (பட்டியலாக) இருக்கும். அதை அப்படியே செட்டில் (ஒன்றை ஒருமுறை மட்டும் வைக்கும் தொகுப்பில்) போட்டால் பைத்தான் ஏற்காது, டியூப்பிளாக (மாற்ற முடியாத பட்டியலாக) மாற்றிப் போடுங்கள்.

‘நாகர்கோவில்’ போன்ற பெயரில் இன்னொரு வம்பு. ‘கோ’வின் ஓகாரம் ஒரே குறியாகவும் வரலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. எழுத்தாகப் பிரிக்கும் முன்பே உரையை என்எஃப்சி (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 10,000 எழுத்துள்ள உரையைக் கொடுத்தால் நிரல் அப்படியே நின்றுவிடுகிறதே?
– வாசகர், குளச்சல்

பதில்: 5,00,05,000 துண்டுகளைச் செட்டில் அடைத்தால் எந்தக் கணினிதான் நகரும்? துண்டுகளைச் சேமிக்கவே வேண்டாம். ஒவ்வொரு எழுத்திலிருந்தும் கடைசிவரை போகும் வால்களை (சஃபிக்ஸ்) அகரவரிசைப்படுத்துங்கள். அடுத்தடுத்த இரு வால்கள் தொடக்கத்தில் எத்தனை எழுத்து ஒத்துப்போகின்றன என்று பார்த்து, அந்தக் கூட்டுத்தொகையை மொத்தத்தில் கழியுங்கள். மேலே சொன்ன ஊரில் ‘பத்மநாபபுரம்’, ‘பபுரம்’ இரண்டுக்கும்தான் ஓரெழுத்து பொது: 36−1.

வால்களை வெட்டி வைத்து வரிசைப்படுத்தினால் அதுவே சுமார் 400 எம்பி தின்னும். தொடக்க இடங்களின் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓரெழுத்தைப் பார்த்துத் தரவரிசை எண் கொடுங்கள். பிறகு 2, 4, 8 என நீளத்தை இரட்டித்து, முந்தைய சுற்றின் எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒப்பிட்டால் போதும். 14 சுற்றுக்குள் முடிந்துவிடும்.

சோதிக்க ‘அ’வை மட்டும் 10,000 முறை எழுதிக் கொடுங்கள். விடை 10,000 வர வேண்டும்.