விடுதிக்குப் போகும் பெட்டிகள்: கிலோ விலையை மட்டும் கேட்டு அனுப்பாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு வெளிநாட்டில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில்தான் தங்கப் போகிறாள். கம்பளி, தலையணை, துணி, புத்தகம் என்று 5 பெட்டி சேர்ந்துவிட்டது. எடை போட்டால் எல்லாம் சேர்த்து 80 கிலோவுக்குள்தான் இருக்கிறது. ஒரு ஏஜெண்ட் கிலோவுக்கு ரொம்பக் குறைந்த விலை சொல்கிறார். கப்பலில் போட்டால் அதிலும் பாதிதான் ஆகுமாம். இப்போதே அனுப்பினால் அவள் போய் இறங்கும்போது பெட்டி அறையில் இருக்கும் என்கிறார். நம்பி அனுப்பலாமா? செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறதா?

பதில்: இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். ஏஜெண்டிடம் முன்பணமும் கொடுக்க வேண்டாம். எடை போட்ட தராசை ஓரமாக வைத்துவிட்டு, தையல் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வியில் எடையைச் சொன்ன நீங்கள் பெட்டியின் அளவைச் சொல்லவில்லை. பணம் போவது அங்கேதான்.

ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். வரும் எண்ணை 5000-ஆல் வகுங்கள். கிடைக்கும் விடை கிலோ. கூரியர்காரர்கள் இதை 'வால்யூமெட்ரிக் வெயிட்' என்பார்கள். விமானத்தில் பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு அவர்கள் போடும் கணக்கு இது. தராசு காட்டும் எடை, இந்தக் கணக்கில் வரும் எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில்.

கம்பளியும் தலையணையும் அடைத்த பெட்டி ஒன்று, 60 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1,21,500. அதை 5000-ஆல் வகுத்தால் 24.3. தராசில் 7 கிலோ காட்டுகிற பெட்டிக்கு 24 கிலோவுக்கு மேல் காசு கொடுக்க வேண்டும். உங்கள் 5 பெட்டியும் இந்த அளவில் இருந்தால் கணக்கு எடை 121 கிலோவைத் தாண்டிவிடும். ஏஜெண்ட் சொன்ன கிலோ விலை ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். எத்தனை கிலோவுக்கு என்பதை அவர் சொல்லவில்லை. சிலர் 6000-ஆல் வகுப்பார்கள், அது உங்களுக்கு லாபம். எந்த எண்ணால் வகுக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

இந்த விஷயம் எனக்குப் பல வருடமாக ஆத்திரம் தருவது. இது ரகசியமான கணக்கு ஒன்றும் இல்லை. எல்லாப் பெரிய நிறுவனங்களும் தங்கள் விதிமுறைகளில் அச்சிட்டுத்தான் வைத்திருக்கின்றன. அதைக் கொட்டேஷனின் முதல் வரியில் போட என்ன தடை? பெட்டியை ஒட்டி, நாடா கட்டி, கவுண்டரில் தூக்கி வைத்த பிறகுதான் அளவு டேப்பை வெளியே எடுக்கிறார்கள். ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும் குடும்பம் அந்த நேரத்தில் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகாது என்று அவர்களுக்குத் தெரியும்.

கப்பல் பாதி விலை என்கிற பேச்சுக்கு வருகிறேன். கப்பலில் சில்லறைச் சரக்குக்கு, அதாவது ஒரு கன்டெய்னரை நிரப்பாத சரக்குக்கு, பெரும்பாலும் கன மீட்டர் கணக்கில்தான் கட்டணம் போடுவார்கள். மேலே சொன்ன அளவில் 5 பெட்டி என்றால் சுமார் 0.6 கன மீட்டர். பெரும்பாலானவர்கள் குறைந்தபட்சம் 1 கன மீட்டருக்குக் கட்டணம் வாங்குவார்கள். அது கூடப் பரவாயில்லை. சரக்கு இறங்கும் துறைமுகத்தில்தான் நிஜமான பில் ஆரம்பிக்கிறது. கன்டெய்னரைப் பிரிக்கக் கூலி, கிடங்கு வாடகை, ஆவணக் கட்டணம், சுங்க முகவருக்குக் கட்டணம், அப்புறம் அங்கிருந்து விடுதிவரை லாரி. இங்கே உங்களிடம் வாங்குவது கப்பல் கூலி மட்டும். மற்றதெல்லாம் அங்கே இருக்கும் உங்கள் மகள் தலையில் விழும்.

இப்படி மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. பையன் கல்லூரியில் சேர்ந்து ஏழு வாரம் கழித்துத்தான் பெட்டி துறைமுகத்தில் இருப்பதாக அவனுக்குத் தகவல் வந்தது. எடுக்கப் போனால் கேட்ட தொகை, உள்ளே இருந்த துணி, போர்வை எல்லாவற்றையும் புதிதாக வாங்கும் தொகையைவிட அதிகம். வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். விட்டாலும் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கும், அழிப்பதற்கும் கட்டணம் கேட்பார்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பணம் கட்டி எடுத்தார்கள். ஏஜெண்ட் போனை எடுக்கவே இல்லை.

ஆகவே, கிலோ விலையைக் கேட்பதை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'பெட்டி விடுதிக்குள் போகும்வரை நாங்களும் மகளும் சேர்ந்து கொடுக்க வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு? எழுதிக் கொடுங்கள்.' வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். 'டோர் டெலிவரி' என்று எழுதியிருந்தால், அது எந்த வாசல் என்று கேளுங்கள். கட்டடத்தின் வெளிவாசலில் இறக்கிவிட்டுப் போவதற்கும் பல இடங்களில் அதே பெயர்தான்.

சில ஏஜெண்டுகள் உங்களுக்கு நல்லது செய்வதுபோல ஒரு யோசனை சொல்வார்கள். 'மதிப்பைக் குறைச்சுப் போட்டுக்கலாம்', 'கிஃப்ட்னு எழுதிடலாம்', 'எங்க பேர்லயே மொத்தமா அனுப்பிடறோம்'. மூன்றுக்கும் முடியாது என்று சொல்லுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதினால், பெட்டி தொலைந்தபின் அந்தக் குறைந்த தொகைக்கு மேல் இன்சூரன்ஸ் கேட்க முடியாது. சொந்தச் சாமானைக் கிஃப்ட் என்று எழுதுவது பொய்த் தகவல், அந்த நாட்டில் விசாவில் இருக்கப் போகிறவள் உங்கள் மகள். அடுத்தவர் பெயரில் மொத்தமாகப் போகும் சரக்கில் ஒருவருடைய பெட்டியில் சந்தேகம் வந்தால் எல்லோருடைய பெட்டியும் நிற்கும். பழைய சொந்த உபயோகச் சாமானுக்குப் பல நாடுகளில் வரிச் சலுகை உண்டு. அதற்குப் பெட்டி மாணவியின் பெயரில் இருக்க வேண்டும். என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலும், பாஸ்போர்ட், விசா, கல்லூரிக் கடிதம் ஆகியவற்றின் நகலும் வேண்டும். இதில்கூடச் சில இடங்களில் ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் சலுகை என்பார்கள், அதுவரை பெட்டி கிடங்கில் காத்திருக்கும். நான்கு வருடம் போட்டுத் தேய்ந்த சுவெட்டருக்கு மதிப்பு எழுது என்று கேட்கும் படிவத்தை வடிவமைத்தவர்கள் ஒரு முறையாவது ஒரு மாணவனின் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

சரி, உங்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: முடிந்தவரை எல்லாமே அவளோடு விமானத்தில் போகட்டும். பெட்டிகளை சூட்கேஸாக மாற்றுங்கள். விமானத்தில் கொடுத்தனுப்பும் லக்கேஜுக்கு வால்யூமெட்ரிக் கணக்கு கிடையாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் பொதுவாக 158 செ.மீ. தாண்டக் கூடாது, எடை பெரும்பாலும் 23 கிலோ. சில வழித்தடங்களில் இப்படி ஒன்று, சிலவற்றில் இரண்டு அனுமதிப்பார்கள். அதற்கு மேல் ஒரு சூட்கேஸ் வேண்டுமென்றால் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்யுங்கள். விமான நிலையக் கவுண்டரில் கேட்டால் பல நிறுவனங்களில் கூடுதலாகத்தான் வாங்குவார்கள். எல்லாவற்றையும் ஒரே பெரிய சூட்கேஸில் திணிக்க வேண்டாம், ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பணம் கொடுத்தாலும் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். தூக்குகிறவர்களின் முதுகுக்காக வைத்த வரம்பு அது, நியாயமானது.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பல விமான நிறுவனங்கள் மாணவர்களுக்குக் கூடுதல் லக்கேஜ் தருகின்றன. டிக்கெட் எடுக்கும்போதே மாணவர் கட்டணம் என்று தேர்வு செய்ய வேண்டும், பின்னால் சேர்ப்பது கடினம். இங்கேயும் ஒரு வலை இருக்கிறது. மலிவாக இருக்கிறதே என்று பாதி வழிக்கு ஒரு டிக்கெட், மீதிக்கு இன்னொரு நிறுவனத்தில் தனி டிக்கெட் என்று எடுத்துத் தருவார்கள் சில டிராவல்ஸ்காரர்கள். நடுவில் இறங்கி லக்கேஜை எடுத்து, இரண்டாவது நிறுவனத்தின் விதிப்படி மறுபடி போட வேண்டும். அவர்கள் லக்கேஜே அனுமதிக்காத டிக்கெட்டாக அது இருந்தால், மிச்சம் பிடித்தது அந்தக் கவுண்டரிலேயே போய்விடும்.

விமானத்தில் போவதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. பெரும்பாலான பன்னாட்டுப் பயணங்களுக்கு 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். லக்கேஜ் தொலைந்தால், சேதமானால், தாமதமானால் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். வரை நிறுவனம் பொறுப்பு. 2024 டிசம்பர் 28 முதல் இந்த வரம்பு. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, அதை மாற்றிப் பார்ப்பதை விடுங்கள். உங்கள் மகள் நினைவில் வைக்க வேண்டியது வேறு: சேதம் என்றால் 7 நாளுக்குள், தாமதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

பவர் பேங்க், உதிரி பேட்டரி இரண்டும் கைப்பையில்தான் போக வேண்டும். சூட்கேஸிலும் கூடாது, பார்சலிலும் கூடாது.

இனி புத்தகம். மேலே பெட்டி அனுப்ப வேண்டாம் என்றேன். அதற்கு ஒரே விலக்கு புத்தகம்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லித்தர ஆளே இல்லை. புத்தகம் கம்பளிக்கு நேர் எதிர், சின்ன இடத்தில் பெரிய எடை. 40, 30, 30 செ.மீ. பெட்டியின் கணக்கு எடை 7.2 கிலோதான், நெருக்கி அடைத்த புத்தகமோ 20 கிலோவைத் தாண்டும். அதனால் கூரியரிலும் நஷ்டம், 23 கிலோ சூட்கேஸிலும் நஷ்டம். ஆனால் அஞ்சல் துறையில் அச்சிட்ட நூல்களுக்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. 1874-இல் பெர்ன் நகரில் உருவான உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளில் 'எம் பேக்' என்று அதற்குப் பெயர். ஒரே ஆளுக்கு, ஒரே முகவரிக்குப் போகும் புத்தகங்களைத் தனிச் சாக்குப்பையில் 30 கிலோ வரை அனுப்பலாம். கிலோவுக்குப் பார்சலைவிட நன்றாகவே குறையும். போய்ச் சேர நாளாகலாம், முதல் பருவத்துக்கு வேண்டிய புத்தகம் கையில்தான் போக வேண்டும். பைக்குள் அச்சிட்ட நூல் மட்டும்தான் இருக்க வேண்டும். ஒரு துண்டு, ஒரு கால்குலேட்டர் நடுவில் செருகினாலும் முழுப் பையையும் பார்சலாகக் கணக்கிட்டோ திருப்பியோ விடுவார்கள். வழியில் பிரிந்துபோனால் தெரிய, ஒவ்வொரு கட்டுக்குள்ளும் முகவரிச் சீட்டு வையுங்கள். எல்லா அஞ்சலகத்திலும் வாங்க மாட்டார்கள், சில நாடுகளுக்கு இந்தச் சேவையே கிடையாது. சின்ன அஞ்சலகத்தில் கேட்டால் அப்படி ஒன்றே இல்லை என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். அதை நம்பித் திரும்பாமல், வெளிநாட்டுத் தபால் பார்க்கும் தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள். மக்களுக்குப் பயன்படும் ஒரு சேவையை ஊழியருக்கே சொல்லித்தராமல் வைத்திருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. இது அவ்வளவும் செய்யும் முன், அந்தப் புத்தகங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றனவா என்று அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி குறையும்.

கம்பளியையும் தலையணையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே கட்டில் அளவு தெரியாது, முந்தைய மாணவர்கள் விட்டுப்போவதும் விற்பதும் நிறையக் கிடைக்கும். காற்றை உறிஞ்சும் பையில் போட்டால் இடம் குறையும், எடை குறையாது. இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர் போன்றவை பல விடுதிகளில் தடை. மின் அழுத்தமும் வேறாக இருக்கலாம்.

'அவள் இறங்கும்போது பெட்டி அறையில் இருக்கும்' என்று ஏஜெண்ட் சொன்னாரே, அதுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை போன இடம். ஆள் வராத அறைக்குப் பெட்டியைப் பெரும்பாலான விடுதிகள் எடுத்துப் போய் வைப்பதில்லை. பல விடுதிகள் குறிப்பிட்ட தேதிக்கு முன் வரும் பார்சலைத் திருப்பி அனுப்புகின்றன, வேறு சில விடுதிகள் கொஞ்ச நாள்தான் வைத்திருக்கும். எது எப்படி என்று விடுதி அலுவலகத்துக்கு இன்றைக்கே மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். முகவரி எழுதும் முறையையும் கேட்டு வாங்கட்டும். கல்லூரிப் பதிவில் இருக்கும் பெயரும் பெட்டியில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரோ, இனிஷியல் இடம் மாறிய பெயரோ போட்டு அஞ்சல் அறையில் கிடந்த பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் கணக்கில் உங்கள் 5 பெட்டி, கம்பளியும் தலையணையும் போனபின், மூன்று சூட்கேஸும் ஒரு புத்தகப் பையுமாகச் சுருங்கிவிடும். சூட்கேஸ் ஒவ்வொன்றையும் 22 கிலோவில் நிறுத்துங்கள். வீட்டுத் தராசுக்கும் விமான நிலையத் தராசுக்கும் ஒரு கிலோ வரை வித்தியாசம் வருவது உண்டு.