முடிவெடுத்தலைப் படிக்க விரும்பும் மகள்: பொருளியலில் சேர்ப்பதா, உளவியலில் சேர்ப்பதா?

மனிதர்கள் ஏன் இப்படியெல்லாம் முடிவெடுக்கிறார்கள் என்பதைத்தான் படிப்பேன் என்று மகள் சொல்கிறாள். அதற்குப் பொருளியல் சரியா, உளவியல் சரியா, படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கல்லூரிப் பட்டியலைத் திறக்கும் முன் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

ஒரு தொற்றுநோயால் 600 பேர் சாகக்கூடும் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் திட்டத்தில் 200 பேர் உறுதியாகப் பிழைப்பார்கள். இரண்டாம் திட்டத்தில் 600 பேரும் பிழைக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருவர்கூடப் பிழைக்காமல் போக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. எது வேண்டும்? பிறகு இதே திட்டங்களை 'பிழைப்பார்கள்' என்பதை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்: முதல் திட்டத்தில் 400 பேர் உறுதியாகச் சாவார்கள், இரண்டாவதில் ஒருவரும் சாகாமலிருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. கணக்கு இம்மியும் மாறவில்லை. ஆனால் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற உளவியலாளர்கள் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வடிவத்தைப் படித்தவர்களில் 72 சதவீதம் பேர் உறுதியான திட்டத்தைக் கேட்டார்கள். இரண்டாம் வடிவத்தைப் படித்த வேறொரு குழுவில் 78 சதவீதம் பேர் சூதாட்டத் திட்டத்தைக் கேட்டார்கள்.

இதை விளக்கியதும் மகள் முதலில் என்ன கேட்கிறாள் என்று கவனியுங்கள். "சாவு என்ற சொல் கேட்டதும் மனசுக்குள்ளே என்ன நடக்கிறது? சின்னப் பிள்ளைகளும் இப்படித்தானா?" என்று கேட்டால் அவள் மனம் உளவியல் பக்கம். "அப்படியென்றால் காப்பீட்டை எப்படி விற்கிறார்கள்? அரசு படிவத்தில் எந்த வாசகத்தைப் போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால் பொருளியல் பக்கம். இரண்டையும் கேட்பாள்தான். எது முந்திக்கொண்டு வந்தது என்பதே உங்களுக்கு வேண்டிய விடை.

இரண்டு துறைகளும் பேசுவது ஒரே மனிதரைப் பற்றி. கேட்கும் கேள்விதான் வேறு. உளவியலார் எதனால் இப்படி நடக்கிறது என்று தோண்டுவார். பொருளியலார் எவ்வளவு என்று கேட்பார். இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்பதோடு அவர் நிற்கமாட்டார். 1992-இல் கானமனும் ட்வெர்ஸ்கியும் மதிப்பிட்ட 2.25 மடங்கு போன்ற ஓர் எண் அவருக்கு வேண்டும், சமன்பாட்டில் போட. சோதனைக்கூடத்து விதிகளும் ஒன்றல்ல. பொருளியல் சோதனையில் பங்கேற்பவரின் தேர்வுக்கு ஏற்ப உண்மையான பணம் கொடுக்க வேண்டும், அவரிடம் பொய் சொல்லக்கூடாது. உளவியலில் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு சோதனையின் நோக்கத்தை மறைக்கலாம். முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டும் சேரும்போது என்ன வேலை நடக்கிறது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. ஓய்வுக்காலத்துக்குச் சேமியுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் ஊழியர்கள் சேமிப்பதில்லை. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற பொருளியலாளர்கள் ஒரு திட்டம் வகுத்தார்கள். சேமிப்பை இன்றே உயர்த்த வேண்டாம், பிறகு உயர்த்த இப்போது ஒப்புக்கொண்டால் போதும். 'நாளைக்கு' என்றால் மனம் இளகும் அல்லவா. சம்பளம் கூடும் மாதத்தில்தான் பிடித்தமும் கூடும், அதனால் கைக்கு வரும் தொகை குறையாது, இழந்த உணர்வும் இல்லை. ஊழியரே வேண்டாம் என்று சொல்லும்வரை திட்டம் தானாகத் தொடரும்; சோம்பலையே சேமிப்புக்கு வேலை செய்ய வைத்துவிட்டார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. மனம் எங்கே இடறும் என்று கண்டது உளவியல். விகிதம் எவ்வளவு, யாருக்குப் பலித்தது என்று கணக்கிட்டது பொருளியல். 2004-இல் வெளியான இந்த ஆய்வை மகளையே படிக்கச் சொல்லுங்கள். மொழி எளிமையாகவே இருக்கும்.

இனி சேர்க்கை. கணிதம் ஓரளவு கைவருமானால் பொருளியலை முதன்மைப் பாடமாகவும் உளவியலைத் துணைப் பாடமாகவும் எடுக்கச் சொல்வேன். பொருளியல் முடித்துவிட்டு உளவியலைப் பின்னால் பிடித்துக்கொள்ள முடியும். எதிர்த்திசையில் போகிறவர்கள் முதுநிலைச் சேர்க்கையில் மாட்டிக்கொள்கிறார்கள்: நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், எகனாமெட்ரிக்ஸ் (பொருளியல் தரவைப் புள்ளியியல் முறையில் ஆராயும் பாடம்) எங்கே என்று கேட்பார்கள். கணிதத்தில் மதிப்பெண் குறைவு என்பது வேறு, கணிதமே பிடிக்காது என்பது வேறு. பிடிக்கவே இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். உளவியலில் சோதனைமுறை, அறிதல் உளவியல், சமூக உளவியல் ஆகியவை வலுவாக உள்ள துறையைத் தேடுங்கள். ஆனால் புள்ளியியலிலிருந்து இரண்டு பக்கமும் தப்ப முடியாது. கணக்குக்குப் பயந்து உளவியலில் சேர்ந்தவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பொருளியலையும் உளவியலையும் சேர்த்து 'நடத்தைசார் பொருளியல்' என்ற பெயரிலேயே வரும் இளநிலைப் பட்டங்களைக் கண்டால் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். நுண்கணிதம் இரண்டு பருவம், நிகழ்தகவும் புள்ளியியலும் இரண்டு பருவம், எகனாமெட்ரிக்ஸ் ஒன்று, தானே வடிவமைக்கும் சோதனை ஒன்று. இவை இல்லையென்றால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இன்னொன்று: முடிவெடுத்தலை ஆராயும் உளவியல் பட்டம் ஒருவரை மனநல ஆலோசகர் ஆக்காது. அதற்குத் தனிப் பயிற்சியும், பல இடங்களில் உரிமமும் வேண்டும். உறவினர்கள் இந்த இரண்டையும் குழப்பித்தான் அறிவுரை சொல்வார்கள்.

விற்பனையில் கலக்கும் மனவியல் நூல்களைப் படித்துவிட்டுச் சேரும் மாணவர்களுக்கு முதல் ஆண்டிலேயே ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூலத்தில் 97 சதவீதம் புள்ளியியல் முறையில் தேறியிருந்தன, அதாவது விளைவு வெறும் தற்செயல் என்று ஒதுக்க முடியாதபடி இருந்தது. மறுமுறை தேறியவை 36 சதவீதம். 2016-இல் வெளியான இன்னொரு முயற்சியில் 18 பொருளியல் சோதனைகளில் 11 தேறின. காரணங்களில் முக்கியமானது சின்ன மாதிரி. இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் பிழைக்கு வழக்கம்போல் 5 சதவீதம் மட்டும் இடம் கொடுத்து, இருக்கும் விளைவைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பும் வேண்டுமென்றால், நடுத்தர அளவு விளைவுக்கே குழுவுக்கு 64 பேர் வேண்டும். சிறிய விளைவு என்றால் குழுவுக்கு 390-ஐத் தாண்டும். இருபது பேரை வைத்துக்கொண்டு 'மனித மனம் இப்படித்தான்' என்று சொல்லும் ஆய்வைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். அந்தச் சந்தேகம்தான் இந்தத் துறையில் விலைபோகும் திறமை.

வேலை விஷயத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை. 'நடத்தை அறிவியலாளர்' என்ற பெயர்ப்பலகையுடன் வரும் பணிகள் குறைவு, பலவற்றுக்கு முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். பிரிட்டன் அரசு 2010-இல் இதற்கென்றே ஒரு குழு அமைத்தபின் மற்ற அரசுகளும் தொடங்கின. அங்கும் இடங்கள் கொஞ்சம்தான். பெரும்பகுதி வேலை வேறு பெயர்களில் இருக்கிறது: பயனர் ஆய்வு, சந்தை ஆய்வு, விலை நிர்ணயம், காப்பீட்டுத் தரவு, பொதுச் சுகாதாரத் திட்ட மதிப்பீடு, செயலிகளில் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டுச் சோதிக்கும் பணி. இவற்றில் பலவற்றுக்கு ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல்மொழி தெரிய வேண்டும்.

இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு சோதனையை முழுதாகச் செய்யச் சொல்லுங்கள். கருதுகோளை எழுதித் தேதியிட்டுப் பொதுத் தளத்தில் முன்பதிவு செய்வது, கல்லூரியின் நெறிமுறை அனுமதி வாங்குவது, யாருக்கு எந்த வடிவம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது, தரவையும் நிரலையும் அப்படியே வெளியிடுவது, நாலு பக்க அறிக்கை. எதிர்பார்த்த விளைவு வராவிட்டாலும் அதை அப்படியே எழுத வேண்டும். நேர்காணலில் சான்றிதழ் குவியலைவிட இந்த நாலு பக்கம் அதிகம் பேசும்.

கடைசியாக நீங்கள் கேட்டது: வேறொரு நுழைவுத் தேர்வுக்கு இரண்டு ஆண்டு பயிற்சிக்குச் செலவழித்தாயிற்று, அது வீணா என்று. 1985-இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இருவர் ஒரு நாடக அரங்கின் பருவச் சீட்டில் சிலருக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தார்கள். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிகம் வந்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான், கொடுத்த காசுதான் இழுத்துக்கொண்டு வந்தது. அந்த இரண்டு ஆண்டில் மகள் கற்ற கணிதம் எந்தத் துறைக்குப் போனாலும் கூடவே வரும். கட்டிய கட்டணம் எதில் சேர்ந்தாலும் திரும்பாது. ஆகவே எதில் சேர்ப்பது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கும்போது கட்டணத்தை விட்டுவிட்டு, இனி ஆகப்போகும் செலவையும் ஆண்டுகளையும் மட்டும் ஒவ்வொரு படிப்புக்கும் எழுதுங்கள். மகளைத் தனியே இன்னொரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.