38 வயது முட்டையும் பிறந்த குழந்தையும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 38 வயதில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு பெண்ணின் முட்டைகள் அவள் பிறக்கும் முன்பே சூலகத்தில் உருவாகிவிடும் என்று பல வருடங்கள் படிப்பித்தவள் நான். அப்படியானால் என் பேத்தி 38 வயதுக் கலத்திலிருந்து வந்தவள்தானே? அவள் ஏன் கிழவியாகப் பிறக்கவில்லை?

ஓய்வுபெற்ற ஆசிரியை, பொகவந்தலாவை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கணக்கு சரியானதே. சொல்லப்போனால், பேத்தி பிறந்த நாள்வரை எண்ணினால், சில மாதங்களைக் குறைத்தே போட்டிருக்கிறீர்கள். உங்கள் மகள் உங்கள் வயிற்றில் சிசுவாக இருந்தபோதே உருவாகிய அந்த முட்டை, கலப்பிரிவின் பாதியில் நின்றபடி அத்தனை வருடங்கள் காத்திருந்தது.

நம் தேயிலைத் தோட்டங்களில் கேட்டால் கவ்வாத்தைக் காட்டுவார்கள்: கிழட்டுச் செடியை வெட்டிவிட்டால் இளங்கொழுந்து வருகிறது. எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். ஆனால் கவ்வாத்துக்குப் பின்னும் தூரும் வேரும் பழையனவாகவே இருக்கின்றன. முளையத்தில், அதாவது கருவின் ஆரம்ப நிலையில், பழையதாக நிற்கும் தூர் என்று ஒன்று இல்லை.

உடல் மூப்படையும், இனப்பெருக்கக் கலங்களின் வழி மூப்படையாது என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மான் காலத்திலிருந்து வந்த கருத்து. அவ்வழியும் மூப்படைகிறது, ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் முளையத்தில் அது இளமைக்குத் திரும்புகிறது என்பது மூப்பை ஆராயும் வதிம் கிளாடிஷெவ் முன்வைக்கும் மாற்றுக் கருத்து. டி.என்.ஏ.யில் ஒட்டியிருக்கும் மெதைல் குறிகள் என்ற சிறு இரசாயன அடையாளங்களைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையை ஆய்வாளர் ஸ்டீவ் ஹோர்வாத் 2013இல் டி.என்.ஏ.யின் 353 இடங்களை வைத்து உருவாக்கினார். அவ்வகைக் கணிப்பை எலி முளையங்களில் பயன்படுத்திய கிளாடிஷெவ் குழுவினர், கருக்கட்டலுக்குப் பிந்திய நாட்களில் வயது இறங்கி, ஏறத்தாழ ஏழாம் நாளில், அதாவது உடல் முழுவதும் உருவாவதற்கு அடிப்படையான மூன்று கலப் படைகள் தோன்றும் கட்டத்தில், மிகக் குறைந்த நிலையை அடைந்து, பிறகு ஏறுவதாக 2021இல் அறிவித்தார்கள். மனிதரில் அதே கட்டம் மூன்றாம் வாரத்தில் வருகிறது; மாதவிலக்கு தள்ளிப்போனதைத் தாய் அப்போதுதான் கவனித்திருப்பாள்.

இதை நான் சற்று எச்சரிக்கையோடுதான் ஏற்கிறேன். கருக்கட்டியபின் மெதைல் குறிகள் பெருமளவில் அழிந்து மீண்டும் எழுதப்படுவது எப்படியும் நிகழ்வது. குறி அழிந்ததாலேயே பழுதும் நீங்கியது என்று சொல்லிவிட முடியாது. முட்டையின் முதுமை முழுவதும் கழுவப்படுவதுமில்லை: தாயின் வயது கூடக்கூட நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) பிழையாகப் பிரிவதும், அதனால் டவுன் நோய்க்குறியோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பும் கூடுவது நீங்கள் அறிந்ததே.

கிளாடிஷெவின் கணக்கை மனிதருக்கும் பொருத்தி, வயதை அந்த மூன்றாம் வாரத்திலிருந்து எண்ணிப் பார்த்தால், உங்கள் பேத்தி பிறந்த அன்று அவளுக்கு வயது 38 அல்ல, பூச்சியமும் அல்ல. ஏறத்தாழ எட்டு மாதம்.