பிளாஜிஸ்டன் வெறும் பிழைதானா? தொடக்ககால வேதியியல் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரசவாதிகள் எல்லோரும் பொன்னாசை பிடித்த ஏமாற்றுக்காரர்கள்தானே? அவர்களை எதற்கு வேதியியல் வரலாற்றில் சேர்க்கிறீர்கள்?

பதில்: ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். பொன்னையும் வெள்ளியையும் செயற்கையாகப் பெருக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் 1404இலேயே சட்டம் இயற்றினார்கள். அந்தச் சட்டம் 1689இல் நீங்கியதில் ராபர்ட் பாயிலுக்குப் பங்குண்டு. நவீன வேதியியலின் முன்னோடி என்று பாடநூல்கள் போற்றும் அதே பாயில்தான். உலோக மாற்றம் நடக்கக்கூடியதே என்று அவர் உளமார நம்பினார்.

நம்பியதற்குக் காரணமும் இருந்தது. தாதுவிலிருந்து எடுத்த ஈயத்தை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துக் காற்றோட்டத்தில் காய்ச்சினால், ஈயம் முழுவதும் போய் ஒரு சிறு வெள்ளி மணி மிஞ்சும். மயில்துத்தம் கரைந்த நீரில் இரும்பைப் போட்டு வைத்தால் அதன்மேல் செம்பு படியும். வெள்ளி முன்பே ஈயத்தில் கலந்திருந்தது, செம்பு நீரில் கரைந்திருந்தது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக் கொடுக்க ஆளில்லாதவர், ஓர் உலோகம் இன்னோர் உலோகமாவதாக நினைக்காமல் வேறென்ன நினைப்பார்? ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் அரபு நூல்கள், உலோகங்கள் யாவும் கந்தகமும் பாதரசமும் வெவ்வேறு அளவில் கூடிப் பிறந்தவை என்றன. அது சரியென்றால் அளவை மாற்றும்போது உலோகமும் மாறியாக வேண்டும். கோட்பாட்டிலிருந்து நேராகப் பிறந்த எதிர்பார்ப்பு அது. அதைத் தேடிப் போனவர்கள்தாம் வடித்தலையும் பதங்கமாக்கலையும் கனிம அமிலங்கள் தயாரிக்கும் முறையையும் நமக்குச் செம்மைப்படுத்தித் தந்தார்கள்.

கேள்வி: நியூட்டனும் ரசவாதத்தில் ஈடுபட்டாராமே, உண்மையா?

பதில்: உண்மை. ஏறத்தாழ பத்து லட்சம் சொற்கள் எழுதி வைத்திருக்கிறார். 1936இல் அந்தத் தாள்கள் ஏலத்துக்கு வந்தபோது, அவற்றில் பலவற்றைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தவர் பொருளியல் அறிஞர் ஜான் மேனார்டு கெயின்ஸ்.

கேள்வி: நிலம், நீர், தீ, காற்று என்ற நான்கு மூலப்பொருள்களை இரண்டாயிரம் ஆண்டுகள் எப்படி நம்பிக்கொண்டிருந்தார்கள்?

பதில்: ஈர விறகு எரிவதைக் கவனித்துப் பாருங்கள். முனையில் நீர் கசியும், புகை மேலே போகும், தீ தெரியும், கடைசியில் சாம்பல் மிஞ்சும். நான்கும் கண்முன்னே பிரிந்துவிட்டன! 1661இல் பாயில் எழுப்பிய கேள்வி இந்த இடத்தைத்தான் தாக்கியது: தீ வெளிக்கொணர்பவை எல்லாம் அந்தப் பொருளுக்குள் முன்பே இருந்தவை என்பதற்கு என்ன சான்று? தீயே அவற்றை உண்டாக்கியிருக்கலாமே. பொன்னை எவ்வளவு காய்ச்சினாலும் அது நான்காகப் பிரிவதில்லையே. என் பார்வையில் வேதியியலின் மெய்யியல் தொடங்குவது இந்தக் கேள்வியில்தான். பகுப்பாய்வு என்று நாம் சொல்வது உள்ளதைக் காட்டுகிறதா, இல்லாததைப் படைக்கிறதா என்ற ஐயத்தை அவர் ஆய்வுமேசையில் கொண்டுவந்து வைத்தார்.

கேள்வி: வான் ஹெல்மான்ட் மரம் வளர்த்து எடை பார்த்த கதையை எங்கள் ஆசிரியர் "தவறான முடிவு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவுதான் என்று விட எனக்கு மனம் வராது. உலர்த்திய 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்தது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். ஆகவே மரம் நீரிலிருந்தே உருவானது என்று முடிவு செய்தார். மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்ற பாதி, எண்களோடு நிறுவப்பட்டுவிட்டது. மற்றப் பாதியில் காற்றை மறந்தார். இத்தனைக்கும், 62 பவுண்டு கரியை எரித்தால் ஒரு பவுண்டு சாம்பலே மிஞ்சும், மீதி காட்டுத்தனமான ஓர் ஆவியாகப் போய்விடும் என்று எழுதியவரும் அவரே. மரத்துக்குள் போனதும் கரியிலிருந்து வந்ததும் ஒன்றே என்று அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு ஆய்வுகளும் அவர் இறந்த பின் 1648இல் வெளியான ஒரே நூலில் இருக்கின்றன. அவற்றை இணைக்க வேதியியலுக்கு இன்னும் நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

கேள்வி: எரியும்போது எடை கூடுகிறது. அப்படியிருக்க, ஏதோ ஒன்று வெளியேறுவதாகச் சொன்ன பிளாஜிஸ்டன் கொள்கையை அறிவுள்ளவர்கள் எப்படி ஏற்றார்கள்?

பதில்: இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். எரியும் பொருளுக்குள் இருந்து, எரியும்போது வெளியேறுவதாகக் கருதிய பொருளுக்குப் பிளாஜிஸ்டன் என்று பெயர். ஜெர்மன் மருத்துவர் ஷ்டால் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கொள்கையை வளர்த்தெடுத்தபோது அது எவற்றை ஒரே கயிற்றில் கட்டியது என்று பாருங்கள். விறகு எரிவதும் இரும்பு துருப்பிடிப்பதும் ஒரே வகை மாற்றம் என்றது. அது இன்றும் சரி. தாதுவோடு கரியைச் சேர்த்துக் காய்ச்சினால் உலோகம் வருவதேன்? கரியிடம் நிறைய பிளாஜிஸ்டன் இருக்கிறது, அதைத் தாதுவுக்குக் கொடுக்கிறது. மூடிய கலத்தில் மெழுகுவத்தி அணைவதேன்? உள்ளிருக்கும் காற்றால் அதற்குமேல் பிளாஜிஸ்டனை ஏற்க முடியவில்லை. உலோகங்கள் யாவும் பளபளப்பாக, தட்டினால் தகடாகுபவையாக ஒன்றுபோல் இருப்பதேன்? எல்லாவற்றிலும் பிளாஜிஸ்டன் இருக்கிறது. இந்தக் கடைசிக் கேள்விக்கு, பிளாஜிஸ்டனை வீழ்த்திய பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியேயிடம் பதிலே இல்லை!

எடை கூடுவது புதுச் செய்தியும் அல்ல. வெள்ளீயத்தை நீற்றினால், அதாவது காற்றில் காய்ச்சிப் பொடியாக்கினால், எடை கூடும், காற்றே காரணம் என்று பிரெஞ்சு மருத்துவர் ழான் ரே 1630இலேயே எழுதினார். ஆனால் அன்றைய வேதியியலருக்கு நிறம், மணம், எரியும் தன்மை ஆகியவையே முதன்மை. எடை பல பண்புகளில் ஒன்று. எடைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதே லவாய்சியே வென்று நிலைநாட்டிய நெறி. அந்த நெறியை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு நின்றால்தான் பிளாஜிஸ்டன் முட்டாள்தனமாகத் தெரியும்.

கேள்வி: ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர் யார்? தேர்வுக்கு ஒரே பெயர் வேண்டும்.

பதில்: தேர்வுக்கு உங்கள் பாடநூல் சொல்வதை எழுதுங்கள். வரலாற்றில் மூன்று பெயர்கள். முதலில் தயாரித்தவர் சுவீடனின் ஷீலே. ஆனால் அவருடைய நூல் 1777இல்தான் வெளிவந்தது. இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி 1774 ஆகஸ்ட் 1 அன்று பாதரசத்தின் சிவப்பு நீற்றைக் குவிவில்லையால் சூடாக்கி அந்த வாயுவைப் பெற்றார், அக்டோபரில் பாரிசில் லவாய்சியேயிடமும் சொன்னார். பிரீஸ்ட்லியைப் பொறுத்தவரை அது பிளாஜிஸ்டன் நீங்கிய காற்று.

லவாய்சியே பாதரசத்தைப் பன்னிரண்டு நாள் காய்ச்சினார். காற்றில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்து, செந்நீறு உண்டானது. அந்த நீற்றைத் தனியே சூடாக்கியபோது, குறைந்த அதே அளவு வாயு திரும்பி வந்தது. அது காற்றிலுள்ள தனிப் பொருள் என்று கண்டவர் அவர். அவரும் எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் உண்டு என்று தவறாக நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லையென்று 1810இல் ஆங்கில வேதியியலர் டேவி வாதிட்டார். முழுதும் சரியாகப் புரிந்தவரையே கண்டுபிடித்தவர் என்போமானால், மூவரில் ஒருவரும் தேற மாட்டார்கள்.

கேள்வி: லவாய்சியேயின் 1789 பட்டியலில் ஒளியும் வெப்பமும் தனிமங்களாக இருக்கின்றனவே?

பதில்: ஆம், 33 பெயர்களில் அவையும் அடங்கும். அந்தப் பட்டியலைவிட அதற்கு அவர் தந்த வரையறை பெரியது: இதுவரை நம்மால் பிரிக்க முடியாததே தனிமம். நாளை யாராவது பிரித்துக் காட்டினால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். உலகம் இறுதியில் எவற்றால் ஆனது என்ற வாதத்தை அவர் ஒதுக்கி வைத்தார். அவர் தனிமமாகக் கருதிய சுண்ணாம்பைக் கால்சியத்தின் ஆக்சைடு என்று டேவி 1808இல் காட்டியபோது வரையறைக்கு ஒரு கீறலும் விழவில்லை. அந்தப் பட்டியல் இடம்பெற்ற லவாய்சியேயின் நூலுக்கு 13 படத் தகடுகளையும் வரைந்தவர் அவருடைய மனைவி மரி-ஆன் போல்ஸ். ஐரிஷ் வேதியியலர் கிர்வனின் பிளாஜிஸ்டன் ஆதரவு நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் அவரே. படங்களைப் பார்த்தால், எந்தக் கருவியை எப்படி இணைத்தார்கள் என்பது துல்லியமாக விளங்கும்.

கேள்வி: டால்டனின் அணு, டெமாக்ரிடஸ் சொன்ன அணுவேதானே?

பதில்: இல்லை. பண்டைய கிரேக்க மெய்யியலர் டெமாக்ரிடஸின் அணுவுக்கு வடிவமும் அளவும் உண்டு. எந்தத் தராசும் அதைத் தொடவில்லை. ஆங்கில வேதியியலர் டால்டனின் அணுவுக்கு ஒப்பீட்டு எடை உண்டு. 1808இல் அவர் வெளியிட்ட நூலில் ஹைட்ரஜனை 1 என்று வைத்து மற்றவற்றைக் கணக்கிட்டார். நீரில் ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் மட்டும் இருப்பதாகக் கொண்டதால், ஆக்சிஜனுக்கு 7 என்று வந்தது. வேறு சான்று இல்லாதபோது எளிய சேர்க்கையையே கொள்வது என்பது அவர் வகுத்த விதி. அதனால் எழுந்த குழப்பம் அரை நூற்றாண்டு நீடித்தது. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் கூடிய வேதியியலர் மாநாட்டில் இத்தாலிய வேதியியலர் கனிசாரோவின் சிறுநூல் கைக்குக் கை போன பிறகே அணு எடைகள் ஒழுங்குக்கு வரத் தொடங்கின. அங்கே வந்திருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் தனிம வரிசை அட்டவணையை அமைத்த மெண்டலீவ்.